வரிசை எண் 412

786

ஒண்டிக்கடை,
ஏற்காடு.
25-1-1989, புதன்கிழமை

அன்பு மகன் நூர் முகமதுவுக்கு, அம்மா ஜைனப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அரபு நாட்டில், தம்மாமில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேலையில் கவனமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கை ஏந்துகிறேன். இங்கே உன் தங்கை கதீஜா நலம். கடையைப் பார்த்துக்கொள்ளும் உன் மாமா அப்துல் காதரும் நலம். என் முழங்கால் மட்டும் வீங்கிக் கிடக்கிறது. அது ஏன் வீங்கியது என்பதைப் பின்னால் எழுதுகிறேன். பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மாமாவுக்குக் கடிதம் போடாதே. முழுசாகப் படி.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஜூன் மாதம் நடக்கப்போகும் கதீஜா கல்யாணத்தின் கார்டில் உன் அத்தா பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று போட்டுவிடலாம், மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களுக்குப் போடுகிற மாதிரியே போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தாய். மிளகு பார்க்கப் போனவர் காணாமல் போய் எட்டு வருஷமாகிறது, சம்பந்தி வீட்டார் கேட்பதும் நியாயம்தான் என்றும் எழுதியிருந்தாய். நான் கருகமணியைக் கழற்றிவிட்டு இந்த மாதமே கைம்பெண் இருக்கிற இத்தா உட்கார்ந்தால், நாலு மாதம் பத்து நாளும் கல்யாணத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்திருந்தாய். கெட்டிக்காரன்தான் நீ. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் எரிச்சலாக இருந்தேன். மூன்றாம் நாள், அவன் சொல்வதில் என்ன தப்பு என்று தோன்றியது. ஜமாத்தில் நாலு வருஷம் முன்னாலேயே இதைத்தான் சொன்னார்கள். நான்தான் பிடிவாதம் பிடித்தவள்.

அதனால் சரி என்று எழுதிவிடுவோம் என்று முடிவு செய்திருந்தேன், சாமி. எலெக்ஷன் முடிந்த மறுநாள் எழுதலாம் என்று ஏர்மெயில் காகிதம்கூட வாங்கி வைத்தேன். அந்தக் காகிதத்தில்தான் இப்போது எழுதுகிறேன். எழுதுவது வேறாகிவிட்டது.

இங்கே எலெக்ஷன் அமளி உனக்குத் தெரிந்திருக்காது. இந்தத் தடவை நாலு முனைப் போட்டி. ஒண்டிக்கடையில் நாலு பக்கமும் நாலு மைக் கட்டி, ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் கேட்க முடியாமல் செய்துவிட்டார்கள். கதீஜாவுக்கு இருபத்தொன்று ஆகாததால் ஓட்டு இல்லை. கல்யாணத்துக்கு வயசு வந்தாச்சாம், ஓட்டுக்கு மட்டும் வரலையாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மாமாவுக்கு இங்கேயே பள்ளிக்கூடத்தில் ஓட்டு. எனக்கு மட்டும் இன்னும் மாரமங்கலத்தில்தான்.

நாம் மாரமங்கலத்துக் கடையை விட்டு இங்கே வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அந்த வீட்டில் இப்போது யாரோ காப்பிக் கொட்டை காயப்போடுகிறார்கள். ஆனாலும் ஓட்டுப் பெயரை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அது தப்பு என்று தெரியும். ஏன் மாற்றவில்லை என்று யாரிடமும் சொன்னதும் இல்லை, உன்னிடம் சொல்கிறேன். அந்த லிஸ்டில் 412 உன் அத்தா, 413 நான். இங்கே ரேஷன் கார்டில் உன் அத்தா பெயரை மாமா எப்போதோ அடித்துவிட்டார். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற காகிதம் இனி அது ஒன்றுதான். போன வருஷம் லிஸ்ட் திருத்த வந்த ஆளிடம் நேரில் போய் அழுது சண்டை போட்டேன். அந்த மனுஷர் பயந்துபோய் இரண்டு பெயரையும் அப்படியே விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினேன். உன் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். இதுதான் கடைசித் தடவை, அடுத்த எலெக்ஷனுக்கு 413 மட்டும்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனி கொட்டியதால் குடை எடுத்துக்கொண்டேன். அத்தாவின் குடைதான். எட்டு வருஷமாக ஆணியில் தொங்கியதை அன்றைக்கு ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அது எப்படித் திரும்பக் கிடைத்தது என்று உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு அத்தா மாரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு, அதற்கு மேல் பார்த்தவர்கள் இல்லை. மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்துக்கு மேலே போகிற ஒற்றையடிப் பாதையில் ஒரு சில்வர் ஓக் மரத்தின் கிளையில் குடை மட்டும் மடித்தபடி தொங்கியது. போலீசுக்கு நீதான் எழுதிக் கொடுத்தாய். வயது நாற்பத்தாறு, மாநிறம், இடது கையில் ஆள்காட்டி விரல் கிடையாது என்று எழுதினாய். பதினெட்டு வயசுப் பையன் கையெழுத்து, கோணல் மாணலாக இருந்தது.

பஸ் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழரை. பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, அப்படி ஒரு பனி. பேச்சுச் சத்தத்தை வைத்துத்தான் போய்ச் சேர்ந்தேன். ஆண்கள் வரிசை கட்டடத்துக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசை இந்தப் பக்கம். முன்னால் நிற்பவள் முதுகு தெரியும், பின்னால் திரும்பினால் ஒரு முகம் தெரியும், அதற்குமேல் வெள்ளைதான். என் பின்னால் நம் பழைய பக்கத்து வீட்டுக் காளியாயி வந்து நின்றாள். உன்னை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டிய அதே காளியாயிதான். இப்போது பல்லெல்லாம் போய்விட்டது. வெளிநாட்டில் நொம்பக் குளிருமாங்க பாயம்மா, தம்பிக்குக் கம்பளி அனுப்பட்டுங்களா என்று கேட்டாள்.

அன்றைக்கு ஆமை வேகம் என்றால் ஆமைக்குக் கோபம் வரும். வாக்குச்சாவடி அறையில் கரண்ட் இல்லை. பெட்ரோமாக்ஸ் வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு அதன் மேண்டில் உதிர்ந்துவிட்டது. லிஸ்டைப் படிக்க வெளிச்சம் இல்லாமல் ஒரு மணி நேரம் அப்படியே நின்றுபோனது. கரடியூர்ப் பக்கம் எங்கோ போய் வேறு விளக்கு கொண்டுவந்தார்கள். பிறகும் நகரவில்லை. காளியாயி சும்மா இருக்க முடியாமல் எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று நடந்து போய் எண்ணிவிட்டு வந்தாள். பதினாலு என்றாள். அரைமணி கழித்து எண்ணினாள், அப்போதும் பதினாலு. இத்தனைக்கும் பெயர் பெயராகக் கூப்பிட்டு உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மூன்றாம் தடவை போனவள் பதினேழு என்று சொல்லிவிட்டு, இனிமே எண்ணமாட்டேனுங்க என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உள்ளே போகிறவர்களைப் பார்த்தோமே தவிர, வெளியே வருகிற ஒருத்தரையும் காணோம். பின்வாசல் வழியாக விடுகிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. தெரிகிறவரை பிஸ்மி சொல்லிக்கொண்டேதான் நின்றேன்.

இன்னொரு சங்கடம். பனியில் ஆள் தெரியாததால், சீட்டுகளை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த ஆபீசர் ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். மேட்டூர்ப் பக்கத்து வாத்தியாராம். அவருக்கு என்ன தெரியும்? இந்த மலைக்காரர்கள் பனிக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார்கள், கூப்பிட்டால் பதில் சொல்லவும் மாட்டார்கள். ஏனுங்க, ஓயி என்பதோடு சரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு ஏதாவது வந்து பதில் சொல்லிவிடும் என்று அவர்களுக்குப் பயம். அவர் சின்னையன், சின்னையன் என்று தொண்டை கிழியக் கத்துகிறார், சின்னையனோ வாயைத் திறக்காமல் நடந்து போய் அவர் முன்னால் நிற்கிறான். இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேய்ஞ்சு போயிருமா என்று அவர் திட்டுவது எங்களுக்குக் கேட்டது. பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். யாரும் பதில் மட்டும் சொல்லவில்லை. பாவம், பொழுதுக்கும் கத்தியே அவருக்குக் குரல் போய்விட்டது.

உன் அத்தா இதையெல்லாம் கேட்டு எப்படிச் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சேலத்தில் பிறந்த மனுஷர். பனிக்குள் யார் யாரை ஓயி என்று கூப்பிட்டாலும், வேண்டுமென்றே, இருக்கேனுங்க, இருக்கேன் என்று இரண்டு தடவை பதில் சொல்லிக்கொண்டு வருவார். முதல் தடவை மரியாதையாக, இரண்டாம் தடவை கேலியாக. நீ சின்ன வயசில் அதைக் கேட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாய்.

என் முறை வந்தபோது பதினொன்றரை மணி இருக்கும். கதவருகில் நின்றேன். உள்ளே ஒரு கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த பையன், இந்தம்மா இங்கே குடியில்லை என்று ஆட்சேபம் சொன்னான். புது ஆள், என்னைத் தெரியாது. ஆபீசர் லிஸ்டைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். எத்தனை எலெக்ஷன் வந்து போயிற்று, ஒரு தடவையும் நான் அதற்குப் பதில் சொன்னதில்லை. வரிசையில் பின்னால் நிற்கிறவள் சொல்லிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்வேன். போன தடவையும் காளியாயிதான் சொன்னாள். இந்தத் தடவை அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் புரிந்தது. அந்தப் பனியில், அதுவும் அந்தப் பெயரை, அவள் சொல்லமாட்டாள்.

ஆபீசருக்கு எரிச்சல். நீங்களே சொல்லணும்மா, இல்லன்னா ஓட்டுப் போட முடியாது என்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ஆளில்லாமல் போனபிறகு சொல்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது அதில் தப்பில்லை என்பார்கள். உன் கடிதம் ரவிக்கைக்குள் குத்தியது. சரி, இதுதான் அந்த இடம், இங்கேயே முடித்துவிடுவோம் என்று நினைத்தேன். முணுமுணுத்தேன். காதில் விழலை, சத்தமா என்றார். என்ன கோபம் வந்ததோ எனக்கு, யார்மேல் வந்ததோ, கத்திவிட்டேன்.

பக்கீர் முகமது.

எழுதவும் கை கூசுகிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கத்தி வாயை மூடவில்லை, அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் இருந்து, இருக்கேனுங்க என்று ஒரு குரல் வந்தது. கொஞ்சம் விட்டு, இருக்கேன் என்றது.

ஆபீசர் சிரித்துவிட்டார். அட, காலையிலேர்ந்து இந்த ஒருத்தர்தான் வாயத் திறந்திருக்கார், அவர் முறை வரட்டும், நீங்க வாங்கம்மா என்று என் பெயரில் கோடு போட்டார்.  விரலில் மை வைத்ததோ, கையெழுத்துப் போட்டதோ, யாருக்கு முத்திரை குத்தினேன் என்பதோ ஒன்றும் தெரியாது. அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்த ஓட்டு யாருக்குப் போனதென்று அவனுக்குத்தான் தெரியும். பின்வாசல் வழியாகத் தள்ளிவிட்டார்கள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் வரிசைக்கு ஓடினேன். அங்கேதான் வழுக்கி விழுந்தது, முழங்கால் அப்படித்தான் வீங்கியது.

எல்லோரும் தலையோடு கம்பளி போர்த்தி நின்றார்கள். வெட்கத்தை விட்டு ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். யாருங்க பதில் சொன்னது என்று முன்னால் நின்றவரைக் கேட்டேன். எனக்குப் பொறத்தால நின்னவருங்க என்றார். அவரைக் கேட்டால், நான் இல்லீங்க, எனக்குப் பொறத்தால என்றார். அடுத்தவரும் அதையேதான் சொன்னார். இப்படியே வரிசையின் கடைசி வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் நின்றவர் காளியாயியின் வீட்டுக்காரர் பொன்னுவேல். நமக்கு எத்தனை வருஷப் பழக்கம், பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரும் எனக்குப் பொறத்தாலங்க பாயம்மா என்றார். சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது எழுதப்போவதை நினைத்துத்தான் நாலு நாளாகத் தூக்கமில்லை. நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கண்ணு. ஓட்டுப் போட வந்தவர் ஓட்டுப் போட்டுத்தானே போவார்? அந்தப் புத்தி எனக்கு அப்போது வரவில்லை. வரிசையில் இல்லை என்றதும், எனக்குத் தெரிந்தது ஒரே இடம்தான். பள்ளிக்கூடத்துக்கு மேலே அந்தப் பாதை. காளியாயி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே என் பின்னால் வந்தாள். மேலே வேற ஏதோ பதில் சொல்லுதுங்க பாயம்மா, அது உங்க ஊட்டுக்காரரு இல்லீங்க, போகாதீங்க என்று அழுதாள். நான் கேட்கவில்லை. முழங்காலை இழுத்துக்கொண்டு ஏறினேன். சில்வர் ஓக் மரம் அப்படியே இருக்கிறது. கிளைகள் மட்டும் அடர்ந்துவிட்டன. இலைகளில் இருந்து பனி சொட்டுகிற சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு தடவை சொல்லிவிட்ட பிறகு என்ன? ஏழெட்டுத் தடவை கூப்பிட்டேன். அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பும்போது குடையை அந்த மரத்திலேயே, கைக்கெட்டும் கிளையில் மாட்டிவிட்டு வந்தேன். நனைந்துகொண்டு நிற்பாரே என்று தோன்றியது.

கீழே இறங்கி வந்தபோது மணி இரண்டரை ஆகிவிட்டது. ஐந்து மணி வரை வாசலில் உட்கார்ந்தேன். ஒருத்தரை விடாமல் முகம் பார்த்தேன். கதவைச் சாத்தப்போகும்போது உள்ளே போய், அந்த வாத்தியாரிடம், 412 வந்தாரா என்று கேட்டேன். பாவம், குரல் சுத்தமாக அடைத்துவிட்டது. சட்டப்படி சொல்லக் கூடாது என்று கையை ஆட்டினார். பிறகு என் கோலத்தைப் பார்த்தாரோ என்னவோ, லிஸ்டைத் திருப்பிக் காட்டினார். 412, 413, இரண்டு பெயருக்குக் கீழேயும் சிவப்புக் கோடு.

எப்போ வந்தார் என்று கேட்டேன். சாப்பாட்டு நேரம், ஒரு மணி இருக்கும் என்று கட்டைக் குரலில் சொன்னார். நான் அந்த மரத்தடியில் நின்று கத்திக்கொண்டிருந்த நேரம். ஏஜெண்டுகளும் சாப்பிடப் போயிருந்தார்களாம். எப்படி இருந்தார் என்று கேட்டேன். போர்வைக்குள் முகம் தெரியலை என்றார். மை வைக்கிற ஆள் பக்கத்தில் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தார், ஓமலூர்க்காரர். அவர் நிமிர்ந்து, அவருங்களா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்கம்மா என்றார். இடது கையில் ஆள்காட்டி விரல் இல்லாததால் நடுவிரலில் வைத்தாராம். கை முழுக்க ஈரமாம். மை நிற்காமல் வழிந்து ஓடியதாம். துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், அப்பவும் ஒட்டலை, எனக்கு விரலெல்லாம் விறைச்சுப் போச்சு என்றார்.

கையெழுத்துப் போட்டாரா, அதை மட்டும் காட்டுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். கையெழுத்து வாங்குகிற ஓட்டுச் சீட்டு அடிக்கட்டைகளை எல்லாம் அதற்குள் உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்களாம். கோர்ட் சொன்னால்தான் பிரிக்க முடியுமாம். என் கண் முன்னால்தான் அந்த உறை மேஜைமேல் இருந்தது. அதை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

மாமாவிடம் சொன்னேன். கள்ள ஓட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்தார். ஆளில்லாத பெயரைத் தேடிப் பிடித்துப் போடுவதுதானே அவர்கள் வேலை என்றார். இருக்கலாம். காப்பிப் பழம் உரிக்கிற பல்ப்பர் மெஷினில் விரல் கொடுத்தவர்கள் இந்த மலையில் நாலைந்து பேராவது இருப்பார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதிலை எந்த மலைக்காரனும் சொல்லமாட்டான். அதுவும் இரண்டு தடவை சொல்லமாட்டான். இதைச் சொன்னதும் மாமா எழுந்து கடையைச் சாத்தப் போனார். அவருக்கும் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று காளியாயி பட்டாணியும் கம்பளியும் எடுத்துக்கொண்டு வந்தாள். கம்பளி உனக்காம். கிளம்பும்போது, பஸ் ஏற வரையில கீழேயிருந்தே அந்த மரத்தைப் பார்த்தேன், குடை இல்லைங்க என்றாள். யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க என்றாள். ஆமாம், எடுத்துட்டுப் போயிருப்பாங்க என்று நானும் சொன்னேன். 

உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தால் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று நீ கேட்பாய். அதுவும் தெரியாது. கூப்பிட்டேன், இருக்கேன் என்றார். இருக்கேன் என்று சொன்னவர் பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று போட நான் சம்மதிக்கமாட்டேன். இத்தாவும் உட்காரமாட்டேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். தகப்பன் எங்கே என்று தெரியாவிட்டாலும் நீ தகப்பன் இடத்தில் வலியாக நின்று தங்கைக்கு நிக்காஹ் செய்து கொடுக்கலாம், அதற்கு அந்த வார்த்தை தேவையில்லை என்று சொன்னார். சம்பந்தி வீட்டார் முறுக்கிக்கொண்டால் முறுக்கிக்கொள்ளட்டும். கதீஜாவிடம் எல்லாம் சொன்னேன். கல்யாணம் நின்றாலும் பரவாயில்லைம்மா, அத்தாவை நாம கொன்னுடக் கூடாது என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் உட்கார்ந்து அழுதாள்.

இனி உனக்கு மட்டும். அத்தா போன அன்று காலையில், கூட வா என்று அவர் உன்னை எழுப்பியதும், நீ வாசலில் நின்று என்ன சொன்னாய் என்பதும் எனக்கும் உனக்கும்தான் தெரியும். அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். அதனால்தான் நீ ஒரே வருஷத்தில் கடல் தாண்டிப் போனாய் என்பதும், மர்ஹூம் என்று போட்டு முடித்துவிடத் துடிப்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அவர் சிரித்தார். படி இறங்கும்போது என்னிடம், நல்லதாப் போச்சு, இந்தப் பனியில அவன் எதுக்கு, தூங்கட்டும், எந்திரிச்சா திட்டாத என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. எட்டு வருஷம் அதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம், கண்ணு. நீ அழ வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவை மன்னித்துவிடு.

கார்டில் போட வேண்டியதை நீ உன் கையால் எழுதி அனுப்பு. பக்கீர் முகமது என்று மட்டும் எழுது, முன்னால் ஒன்றும் வேண்டாம். லீவை இரண்டு வாரம் முன்னாலேயே கேட்டு வாங்கு. வந்து இறங்கிய மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் நாம் இரண்டு பேரும் மாரமங்கலம் போவோம். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கே பதில் சொன்னவர். நீ அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று அத்தா என்று ஒரே ஒரு தடவை கூப்பிடு. பயப்படாதே, அவர் உன்மேல் கோபமாகப் போகவில்லை. அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

துஆவுடன்,
அம்மா ஜைனப்
(வ. எண் 413)